அம்புக்கல்லும் காது மிஷினும்

ஒரு ஊர்ல ஒரு தங்கபுஷ்பம் இருந்தா. ஊரு தேரிக்காட்டு ஓரத்துல. தேரின்னா தெரியும்லா, செக்கச் செவேல்னு மணல் மேடு, பனைமரத்தையே இடுப்பு வரைக்கும் மூடிரும். ம் கொட்டுட்டி, இல்லன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்.

"ம்."

அவ சின்னப் பிள்ளைல அம்புக்கல்லு பொறுக்குவா. அந்தக் காலத்துல வேட்டைக்குப் போன ஆளுக கல்லைச் சீவி அம்பு நுனில கட்டுவாவளாம். ஆடிக் காத்து உஸ்ஸு உஸ்ஸுன்னு மணலை அள்ளிட்டுப் போனதும் அது மேல வந்து கெடக்கும். நகத்தளவுதான், நுனி சுருக்குன்னு குத்தும். ஹார்லிக்ஸ் பாட்டில் நெறைய சேத்து வச்சிருந்தா. அப்புறம் கல்யாணம், தையல் மிஷினு, டடடடன்னு அடுத்தவங்க சட்டையைத் தைச்சே முப்பது வருஷம் போயிட்டு. பாட்டில் பரண்ல கெடந்துது. அவளுக்கே மறந்துபோச்சு.

அவ தங்கச்சிக்கு ஒரு பொண்ணு. காதுல சின்ன மிஷின் மாட்டினாத்தான் அதுக்குக் கேக்கும்.

"அது நான்தான பெரியம்மா?"

வேற பிள்ளை. நீ இவ்வளவு சேட்டை கெடையாது. ஒரு ஆடி மாசம், மத்தியானத்துக்கு மேல, அது தேரி உச்சில ஏறி சர்ருனு சறுக்கி தொப்புனு விழுது. மறுபடி ஏறுது, மறுபடி தொப்பு. வீட்டுக்கு வந்ததும் அம்மா கூப்பிடுதா, கூப்பிடுதா, திரும்பவே இல்ல. பாத்தா காதுல மிஷினைக் காணோம்.

மிஷின் குடுத்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா, புதுசு வர மூணு மாசம் ஆகும்னுட்டாங்க. அப்பத்தான் பிள்ளைக்குப் பேச்சு வர ஆரம்பிச்சிருந்துது. மூணு மாசம் ஒண்ணும் கேக்கலைன்னா படிச்ச பேச்செல்லாம் போயிருமோன்னு அம்மாக்காரி தலைல கைய வச்சு உக்காந்துட்டா. பொழுது சாஞ்சு காத்து அடிச்சா மணல் மூடிரும், அப்புறம் தேடவே முடியாது.

அப்போ அப்பன்காரன் துரைராசு மாவுச் சல்லடையைத் தூக்கிட்டுத் தேரிக்கு ஓடினான். சலக் சலக்னு சலிச்சான். ஆட்டுப் புழுக்கைதான் நின்னுது. அப்புறம் காந்தத்தைக் கயித்துல கட்டி மணல்ல இழுத்தான். நம்ம தேரி மணல்லதான் இரும்புத்தூள் கலந்து கெடக்கே! காந்தத்துக்குக் கருகருன்னு மீசை முளைச்சதுதான் மிச்சம். இந்த ஊர்ல பொறந்தவனுக்கு அது தெரிய வேண்டாமா? சிரிக்காத, பாவம்.

அப்பத்தான் பின்னாலயே வந்த தங்கபுஷ்பம் ஒரு சத்தம் போட்டா. "மணலைக் கிண்டாதீய. மேல கெடக்கிறதும் உள்ள போயிரும்."

சொன்ன பொறவு அவளுக்கே ஆச்சரியம். கல்லு பொறுக்கப் போறப்ப கூட வர்ற பிள்ளைகள்ட்ட அவ சொல்லுற பேச்சு அது. முப்பது வருஷமா எங்க இருந்துதோ.

எல்லாரையும் ஒதுங்கச் சொன்னா. சேலையைத் தூக்கிச் செருகினா. சூரியன் பனைக்குக் கீழ எறங்கிட்டு. அதுக்கு நேரா மூஞ்சியை வச்சுக் குனிஞ்சு, மெள்ள மெள்ள அடி வச்சா. நிழலைத்தான் தேடினா. சாயங்கால வெயில்ல சின்னக் கல்லுக்கும் நீட்டு நிழல் விழும்லா? தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

ஒரு நிழல் தெரிஞ்சுது. எடுத்தா, நத்தைக்கூடு. இன்னொரு நிழல். எடுத்தா, அம்புக்கல்லு! நுனி கூட மழுங்கல. நெஞ்சு ஜிவ்வுனு ஏறிச்சு. ஆனா நிக்கல, மடில போட்டுட்டு நடந்தா. காத்து கிளம்பிட்டு, மணல் காலுக்கு மேல ஓடுது. மூணாவது ஒரு நிழல், மொச்சைக்கொட்டை கணக்கா, பாதி மூடிக் கெடந்துது. எடுத்து ப்பூன்னு ஊதினா. துடைச்சா. பிள்ளை காதுல மாட்டிட்டு, பின்னால போய் நின்னு, மெதுவா, பேரைச் சொல்லி, "எப்சி"ன்னா. பிள்ளை திரும்பிச்சு.

"எப்சின்னுட்டீங்க. நான்தான் அது!"

சரிட்டி, நீதான். நீ திரும்பினியே, அப்போ நான் அந்த மணல்லயே உக்காந்து அழுதேன். சந்தோஷத்துலதான். மறுநாள் பாட்டிலைப் பரண்ல இருந்து எறக்கினேன். இப்ப சனிக்கிழமை ஆனா உங்க அம்மைக்குத் தெரியாம நாம ரெண்டு பேரும் எங்க போறோம்? ஆங், அது ரகசியம்.

மிஷினைக் கழட்டி டப்பால வை. கழட்டினா நான் சொல்லுறது கேக்காது, அதனால இப்பவே சொல்லிருதேன். உன் உள்ளங்கைல நான் தட்டுவேன். மொத தட்டு, கதை முடிஞ்சு மணல்ல எறங்கிட்டுன்னு அர்த்தம். ரெண்டாவது தட்டு, நீ தூங்கு. கேட்டுச்சுன்னா நீ எனக்கு ஒண்ணு தட்டு.

டப். டப்.

டப்.