ஏட்டையாவின் தலையைச் சுற்றிய வளையம்

மலை உச்சி மடத்தில் இருந்த துறவி உலகம்மைக்கு வயது நாற்பத்தொன்பது. அவருடைய சீடர் மாசிலாமணிக்கு அறுபத்து மூன்று. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பதினான்கு வருடம் மடத்துக்கு விறகு பிளந்தார், தண்ணீர் சுமந்தார். அன்று காலை ஆறாவது முறையாகத் தீட்சை கேட்டார்.

"இன்னும் ஆகலை, ஏட்டையா," என்றார் உலகம்மை.

மாசிலாமணிக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. இரண்டு வேட்டியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மடத்துக்கு அரிசி மூட்டை ஏற்றும் இரும்புத் தொட்டியில் போய் ஏறினார். உச்சிக்கும் அடிவாரத்துக்கும் நடுவே கம்பி வடத்தில் தொங்கி ஓடும் தொட்டி அது. உலகம்மையும் ஏறி மறு ஓரத்தில் நின்றார்.

"நீங்க எதுக்கு? வழியனுப்பவா?"

"ஆமா."

தொட்டி நகர்ந்தது. உயரத்துக்குப் பயந்து எப்போதும் கண்ணை மூடிக்கொள்கிற மாசிலாமணி, அன்றைய ஆத்திரத்தில் மூட மறந்துபோனார். முதுகில் வெயில் அடித்தது. பத்தடிக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. அதன்மேல் தொட்டியின் நிழலும் இரண்டு தலைகளும் கூடவே வந்தன. இடது தலையைச் சுற்றி ஒரு வளையம். உள்ளே வெள்ளை, ஓரத்தில் சிவப்பு.

இடது தலை அவருடையது. வலது தலை கரிக்கட்டையாக இருந்தது.

ஏட்டாயிற்றே, உடனே நம்பிவிடுவாரா?

"இடம் மாறி நில்லுங்க!"

கம்பியைப் பிடித்தபடி இருவரும் மாறி நின்றார்கள். வளையமும் அவரோடு வலப்பக்கம் வந்தது. தலையை மூன்று முறை ஆட்டினார். மூன்று முறையும் அது கூடவே ஆடியது.

"பாருங்கம்மா! ஒளி எனக்கு இருக்கு. உங்களுக்கு ஒரு பொட்டுகூட இல்லை. எனக்கா ஆகலை?"

உலகம்மை குனிந்து பார்த்தார்.

"வாயைத் திறங்க! இத்தனை வருஷமா யார் கால்ல விழுந்து கிடந்தேன்? வெறும் இருட்டு கால்லயா? கீழ போய் ஒரு வீடு விடாம சொல்லப்போறேன்!"

"சொல்லுங்க. எனக்குத் தெரியறதையும் சேர்த்துச் சொல்லுங்க."

"உங்களுக்கு என்ன தெரியுதாம்?"

"வளையம் என் தலையைச் சுத்தி இருக்கு. உங்க தலைதான் வெறும் இருட்டு."

"பொய்!"

அவர் போட்ட சத்தத்தில் தொட்டியே குலுங்கியது. உலகம்மை கம்பியை விடவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"இதுல நாம சேர்ந்து வந்தது இருபது தடவை. பனி இருந்தது பன்னிரண்டு நாள். பனியில அவங்கவங்க கண்ணுக்கு அவங்கவங்க தலையிலதான் வளையம் தெரியும். பன்னிரண்டு நாளும் என் கண்ணுக்கு ஒளி என் தலைக்குத்தான், உங்க தலை இருட்டுத்தான். ஒரு நாளாவது உங்களை இறங்கிப் போகச் சொன்னேனா, ஏட்டையா?"