கம்பெனிப் பல்லக்கில் கருவாட்டுக் கூடை

பவளங்குடி மகாராஜா விசயநம்பிக்குப் புலியிடம்கூடப் பயமில்லை. ராணியிடம் கொஞ்சம் உண்டு. ராணியின் தம்பி சேதுமாணிக்கத்துக்கு இது நன்றாகத் தெரியும்.

அந்த ஊர்க் கப்பல் கம்பெனியில் மொத்தம் நூறு பங்கு. அறுபது சேதுமாணிக்கத்தின் கையில். மிச்சம் நாற்பதும் துறைமுகத்து ஏழைகள் ஆளுக்கொன்றாக வாங்கியவை. கப்பல் போகும், வரும், லாபம் கொட்டும். ஏழைகளுக்கு மட்டும் ஒரு செப்புக்காசு வராது.

ஒருநாள் கருவாடு விற்கும் பேச்சியம்மாள் சபைக்கே வந்துவிட்டாள்.

"மகராசா, எம் பாம்படத்தை வித்து ஒரு பங்கு வாங்குனேன். மூணு வருசமா வெறுங்காதுதான் தொங்குது. மழை வருது, கூரை மாத்தணும். லாபத்துல எம் பங்கைக் குடுக்கச் சொல்லுங்க."

சேதுமாணிக்கம் சிரித்தான். "லாபத்தைப் பிரித்துவிட்டால் அடுத்த கப்பலை எப்படி வாங்குவது? பிரிப்பதா வேண்டாமா என்பதை அதிகப் பங்கு வைத்திருப்பவன்தான் முடிவு செய்வான். அதுதான் சட்டம், அத்தான்."

அடுத்த கப்பல் வந்தபாடில்லை. ஆனால் வெள்ளிப் பல்லக்கு வந்தது. கடலோரம் மாளிகை வந்தது. ஆறு சமையல்காரர்கள் வந்தார்கள். ராஜாவுக்கு எல்லாம் தெரியும். வாய் திறந்தால் அந்தப்புரத்தில் சோறு கிடைக்காது. ஆகவே விகடகவி கொன்றைநாதனைப் பாவமாகப் பார்த்தார்.

கொன்றைநாதன் எழுந்தான். "சட்டம் சட்டம்தான். ஒரே ஒரு சந்தேகம். அந்த வெள்ளிப் பல்லக்கு உங்களுடையதா ஐயா?"

"சேச்சே! கம்பெனிப் பல்லக்கு."

"மாளிகை?"

"அதுவும் கம்பெனியுடையது. சமையல்காரர்களும் கம்பெனி ஆட்கள். என் பெயரில் ஒரு துரும்புகூடக் கிடையாது!" என்று நெஞ்சைத் தட்டினான் சேதுமாணிக்கம்.

"என்ன தியாகம்!" கொன்றைநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பிரபு, லாபத்தைப் பிரிக்கவே வேண்டாம். கம்பெனிச் சொத்தைப் பங்குக்காரர்கள் எல்லோரும் முறைவைத்து அனுபவிக்கட்டும். மாதத்தில் பதினெட்டு நாள் இவருக்கு. பன்னிரண்டு நாள் அந்த நாற்பது பேருக்கு. இவர் மூன்று வருடம் அனுபவித்துவிட்டார், முதல் முறை அவர்களுக்கு. ஒரு காசு வெளியே போகாது!"

"நியாயம்!" என்றார் ராஜா, மைத்துனன் வாய் திறப்பதற்குள்.

மறுநாள் விடிந்ததும் நாற்பது குடும்பமும் பாய் தலையணையோடு மாளிகையில் குடியேறின. ஊஞ்சலில் வலை காய்ந்தது. பட்டு மெத்தையில் பிள்ளைகள் குதித்தார்கள். பேச்சியம்மாள் மொட்டைமாடி முழுக்கக் கருவாடு பரப்பினாள். பிறகு கூடையோடு வெள்ளிப் பல்லக்கில் ஏறிச் சந்தைக்குப் புறப்பட்டாள்.

"மெதுவாப் போங்கப்பா, நெத்திலி சிந்துது!" என்று பல்லக்குத் தூக்கிகளை அதட்டவும் செய்தாள்.

மூன்றாம் நாள் சேதுமாணிக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு சபைக்கு ஓடிவந்தான். "அத்தான்! லாபத்தைப் பிரித்துவிடுகிறேன். இன்றைக்கே!"

"அடுத்த கப்பல்?" என்றான் கொன்றைநாதன்.

"இருக்கிற கப்பல் போதுமய்யா!"

அன்றே எல்லோருக்கும் பங்கு கிடைத்தது. பேச்சியம்மாள் கூரைக்கு ஓலை வாங்க நடந்தே போனாள்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொன்றைநாதனுக்குப் போட்டார். "நல்லவேளை, எனக்குக் கம்பெனி எதுவும் கிடையாது!"

"தங்களுக்கு எதற்குப் பிரபு? இந்த அரண்மனை, யானை, தேர் எல்லாமே மக்களுடையது என்றுதானே ஒவ்வொரு திருவிழாவிலும் சொல்கிறீர்கள்?"

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அன்று பொழுது சாய்வதற்குள், அந்த வருட வரியில் பாதி தள்ளுபடி என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டார்கள்.