கத்திரி கேட்காத கேள்வி

இலுப்பங்காட்டில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. அதன் வால் நடுவில் பிளந்து கத்தரிக்கோல் மாதிரி இருக்கும். அதனால் எல்லோரும் அதைக் கத்திரி என்றே கூப்பிட்டார்கள். வாலைவிட அதன் வாய்தான் நன்றாக வெட்டும் என்பது வேறு விஷயம்.

கத்திரிக்குக் கால்பந்து என்றால் உயிர். தை மாதம் ஏரித் தண்ணீர் உள்வாங்கியதும் காய்ந்த தரை மைதானமாகிவிடும். ஆலம்விழுதின் நாரைச் சுருட்டிக் கட்டிய பந்து. இரு பக்கமும் நட்டுவைத்த மூங்கில்கள். சுற்றுவட்டாரத்து ஆறு காடுகளின் அணிகள் வந்து ஆடும். ஓர் அணிக்குப் பத்து ஆட்டம். வைகாசிக் கடைசியில் யாருக்கு அதிகப் புள்ளியோ, அவர்களுக்குக் கொன்றை மாலை.

இலுப்பங்காட்டின் அணிக்கு ஓடைக்கரை அணி என்று பெயர். அதன் தலைவர் நெடுங்கொம்பன் என்கிற கலைமான். கோல் காப்பது தாவி என்கிற மந்தி. முன்னால் ஓடிப் பந்தைக் கொண்டுபோவது மின்னி என்கிற முயல். பின்னால் நின்று எதிரிகளை மறிப்பது பாறையன் என்கிற காட்டுப்பன்றி.

அந்த ஆண்டு ஓடைக்கரை அணி முதல் ஆறு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்தது. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் கத்திரி இலுப்பை மரத்தின் உச்சியில் உட்கார்ந்து தன் கருத்தைச் சொல்லும். கீழே அணில்களும் கௌதாரிகளுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் கேட்பார்கள். "பாறையனைத் தாண்டி ஓர் எறும்பு போக முடியுமா?" என்று கத்திரி கேட்கும். "முடியாது! முடியாது!" என்று அணில்கள் குதிக்கும்.

ஏழாவது ஆட்டம் சமனில் முடிந்தது. எட்டாவது ஆட்டத்தில் ஓடைக்கரை அணி தோற்றது. இரண்டிலும் கடைசி நேரத்தில் பாறையனைத் தாண்டித்தான் பந்து போனது. முன்பெல்லாம் இடி மாதிரி வந்து விழும் பாறையன், இப்போது நாலு எட்டு ஓடுவதற்குள் நின்று மூச்சு வாங்கியது.

கத்திரிக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் கட்டிக் காத்த முதலிடம் கைநழுவிப் போகிறதே!

"பார்த்தீர்களா?" என்று மரத்திலிருந்து கத்தியது. "பாறையன் ஓடவில்லை. நடக்கிறான்! ஆறு ஆட்டம் ஜெயித்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது. அவனுக்கு இந்த அணிமேல் அக்கறையே கிடையாது!"

அன்றைக்கு மரத்தடியில் வழக்கத்தைவிட மூன்று மடங்கு கூட்டம். இதுவரை அந்தப் பக்கமே வராத நரி ஊளையன்கூட வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டது.

"அப்படிச் சொல்லு!" என்றது ஊளையன். "சோம்பேறியை வெளியே அனுப்பு!"

புகழ்ந்து பேசியபோது வராத கூட்டம் திட்டியபோது வந்தது. கத்திரிக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் மனசில்லை. 'அணியின் நன்மைக்காகத்தானே பேசுகிறேன்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

ஒன்பதாவது ஆட்டத்துக்கு முன்பு கூட்டம் மைதானத்தைச் சூழ்ந்துகொண்டது. "பாறையன் வேண்டாம்! பாறையன் வேண்டாம்!" என்று ஒரே கூச்சல். நெடுங்கொம்பன் தலையைக் குனிந்துகொண்டு பாறையனிடம் போனது.

"இந்த ஒரு தடவை நீ வெளியே உட்கார்ந்துகொள்" என்றது.

பாறையன் கரைமேல் ஏறி, முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

அன்று ஓடைக்கரை அணி நான்கு கோல் வாங்கியது. பதிலுக்கு ஒன்றுகூடப் போடவில்லை.

கத்திரிக்கு நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் கீழே கூட்டம் காத்திருந்தது. ஊளையன் அண்ணாந்து பார்த்தது. "இன்றைக்கு யார்மேல் தப்பு?"

"தாவிமேல்!" என்றது கத்திரி, யோசிக்காமல். "கோல் காக்கிறவள் தூங்கினால் யார்தான் ஜெயிக்க முடியும்!"

கூட்டம் சிரித்தது. மூங்கில் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்த தாவி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டது.

மறுநாள் காலை கத்திரி தண்ணீர் குடிக்க ஓடைக்குப் போனது. ஏரியில் சேறுதான் மிச்சம். சித்திரை பிறந்ததிலிருந்து காட்டுக்கே ஓடை மணலில் இருந்த ஓர் ஊற்றுதான் குடிதண்ணீர். தினமும் வெயில் ஏறுகிற நேரத்தில் போனால் தெளிந்த தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கும்.

இன்று அங்கே தண்ணீர் இல்லை. மணல் சரிந்து மூடிக் கிடந்தது. சுற்றிலும் மான்குட்டிகளும் கௌதாரிகளும் நாக்கு வறண்டு நின்றன.

"ஊற்று செத்துப்போச்சா?" என்று ஒரு கௌதாரி அழுதது.

வேறு எங்காவது தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கக் கத்திரி ஓடையோடு மேலே பறந்தது. வெகுதூரம் போயும் ஈரமே கண்ணில் படவில்லை. மலைக்கு ஏறும் தடத்தில் மட்டும் ஒரு கரிய உருவம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பாறையன்!

கத்திரி தாழப் பறந்து ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தது.

"எங்கே அண்ணே கிளம்பிவிட்டீர்கள்?"

"மலைக்கு அந்தப் பக்கம்" என்றது பாறையன், நிற்காமல். "அங்கே யாருக்கும் பந்து விளையாட்டே தெரியாதாம்."

கத்திரிக்குச் சிரிப்பு வந்தது. பாறையனின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அங்கே ஊற்று மூடிக் கிடக்கிறது அண்ணே. காடே தாகத்தில் தவிக்கிறது. இந்த நேரத்தில் கிளம்புகிறீர்களே."

"மூடித்தான் கிடக்கும். இன்றைக்கு நான் தோண்டவில்லையே."

"நீங்களா? நீங்களா தோண்டுகிறீர்கள்?"

"பின்னே, அது தானாகவா திறந்துகொள்ளும்?" பாறையன் இப்போதுதான் நின்றது. "ஒவ்வொரு ராத்திரியும் மணல் சரிந்து மூடிவிடும். விடிந்ததும் போய்த் தோண்டுவேன். முதலில் முழங்கால் ஆழத்திலேயே தண்ணீர் வந்தது. இப்போது என் உயரத்துக்கு இறங்க வேண்டியிருக்கிறது. முடித்துவிட்டு வெளியே வரும்போது முன்னங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கும். சாயங்காலம் ஆட்டம்."

இத்தனை நாளும் கத்திரி தினமும் குடித்த தண்ணீர். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"ஏன் அண்ணே இதை யாரிடமும் சொல்லவில்லை?"

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்."

கத்திரி சிறகைக் கோதியது. மெல்லச் சொன்னது: "ஆனால் அண்ணே, நான் பொய் சொல்லவில்லை. நீங்கள் மெதுவாகத்தான் ஓடினீர்கள்."

"ஆமாம் தம்பி. மெதுவாகத்தான் ஓடினேன். நீ அதைச் சொன்னதற்கு எனக்குக் கோபமில்லை. பார்த்ததைச் சொன்னாய். ஆனால் எனக்கு அணிமேல் அக்கறை இல்லை என்றாயே! அதை எங்கே பார்த்தாய்?"

உச்சிக்கிளையிலிருந்து பார்த்தால் மைதானம் முழுக்கத் தெரியும். யார் எங்கே நின்றார்கள், பந்து எப்படிப் போனது, எல்லாம் தெரியும். அக்கறை இருக்கிறதா இல்லையா என்பது எந்தக் கிளையிலிருந்தும் தெரிந்ததில்லை. அதைக் கத்திரியேதான் சேர்த்துச் சொன்னது.

"இன்று சாயங்காலம்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணே" என்றது கடைசியில். "அதற்குப் பிறகும் போகவேண்டும் என்று தோன்றினால் போங்கள். நான் தடுக்க மாட்டேன்."

பதிலுக்குக் காத்திராமல் பறந்தது.

இலுப்பை மரத்தடியில் தாகத்தோடு எல்லோரும் கூடியிருந்தார்கள். வழக்கமாக உச்சியில் உட்காரும் கத்திரி, அன்று எல்லோர் முகமும் தெரிகிற தாழ்ந்த கிளையில் வந்து உட்கார்ந்தது.

"பாறையனைப் பற்றி நான் சொன்னது தப்பு" என்றது. ஊற்றைப் பற்றி ஒன்றுவிடாமல் எடுத்துச் சொன்னது.

"அப்படியென்றால் இத்தனை நாள் பொய்யா சொன்னாய்?" என்றது ஊளையன்.

"பாதி உண்மை. மீதியை நானே சேர்த்தேன். தாவியைப் பற்றிச் சொன்னதும் அப்படித்தான். அவள் தூங்கவில்லை. முன்னால் மறிக்க ஆளில்லாமல் தனியாக நின்றாள்."

"ஐயே! இதைக் கேட்கவா வந்தோம்?" ஊளையன் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு போனது. அதன் பின்னால் பாதிக் கூட்டமும் போனது. சிலர் போகிறபோக்கில் கேலியாகக் கூவிவிட்டும் போனார்கள். கத்திரிக்குக் கூசியது. ஆனாலும் கிளையைவிட்டு நகரவில்லை.

மிச்சம் இருந்தவர்கள் நடுவிலிருந்து நெடுங்கொம்பன் எழுந்தது.

"அவன் பக்கத்திலேயே நின்று ஆடியவன் நான். நானும் கேட்கவில்லையே" என்றது.

தாவி கத்திரியை ஒரு முறை முறைத்தது. பிறகு, "பேசினது போதும். வாங்க, தோண்டலாம்" என்று முன்னால் நடந்தது.

போனார்கள். மந்திகள் கையால் அள்ளின. முயல்கள் பின்னங்காலால் உதைத்தன. நெடுங்கொம்பன் குளம்பால் கிளறியது. கத்திரி அலகில் மணலை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டது. அது ஒரு சிட்டிகைகூட இருக்காது. அணில்கள் சிரித்துவிட்டன.

பிறகு தனக்கு முடிந்ததைச் செய்தது. மேலே கிளையில் உட்கார்ந்து, "இடதுபக்கம் சரிகிறது! மின்னி, ஒதுங்கு!" என்று குரல் கொடுத்தது. இரண்டு தடவை அந்தக் குரலால்தான் மின்னி மணலுக்குள் புதையாமல் தப்பியது.

ஆனாலும் தோண்டத் தோண்ட மணல் சரிந்தது. வெயில் சாய்ந்துவிட்டது. ஈரம் தெரிந்ததே தவிரத் தண்ணீர் வரவில்லை.

"நேராக இறங்கினால் இப்படித்தான் சரியும்!" என்று கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "மேலே அகலமாக வெட்டு. கிண்ணம் மாதிரி."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாறையன் நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றதோ!

நெடுங்கொம்பன் கரையேறிப் போனது. "என்னை மன்னித்துவிடு" என்றது.

"முதலில் தண்ணீர் வரட்டும்" என்றது பாறையன். கீழே இறங்கி மூக்கால் ஒரே தள்ளாகத் தள்ளியது.

இருட்டுவதற்குள் தண்ணீர் வந்தது. குட்டிகள் முதலில் குடித்தன. பாறையன் கடைசியில் குடித்தது. பிறகு மலைப்பாதையின் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, வழக்கமாகப் படுக்கும் புதரை நோக்கி நடந்தது.

அடுத்த ஐந்து நாளும் மற்றவர்கள் முறைபோட்டுத் தோண்டினார்கள். பாறையன் வயிறாரத் தின்று தூங்கியது.

கடைசி ஆட்டம் மேட்டுக்காட்டு அணியோடு. அவர்களுக்கு ஒரு புள்ளி கூடுதல். ஓடைக்கரை ஜெயித்தால் மாலை கிடைக்கும். சமனில் முடிந்தால்கூடக் கிடைக்காது.

அன்று பாறையன் பழைய பாறையனாக ஆடியது. மேட்டுக்காட்டுக் காட்டெருமை மூன்று தடவை மோதிப் பார்த்தது. மூன்று தடவையும் அதுதான் மல்லாந்து விழுந்தது. பாதி ஆட்டம் முடிவதற்கு முன் நெடுங்கொம்பன் ஒரு கோல் போட்டது. கத்திரி தொண்டை கட்டும்வரை கத்தியது.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். பந்து மின்னியிடம் இருந்தது. சும்மா ஓரமாக உதைத்துவிட்டாலே போதும். மின்னி அதைக் குறுக்கே தட்டியது. அது நேராக எதிரியின் காலுக்குப் போனது. அங்கிருந்து தாவியின் விரலை உரசிக்கொண்டு கோலுக்குள் போனது.

ஒன்றுக்கு ஒன்று. நடுவராக நின்ற நாரை சீட்டி அடித்துவிட்டது. கொன்றை மாலை மேட்டுக்காட்டுக்குப் போனது.

இலுப்பை மரத்தடிக்கு ஊளையன் திரும்பி வந்திருந்தது. பின்னாலேயே பழைய கூட்டம்.

"சொல்லு கத்திரி! மாலை யாரால் போச்சு? அந்த முயலுக்கு மேட்டுக்காட்டார் ஏதாவது கொடுத்திருப்பார்களோ?"

கத்திரிக்கு நாக்கின் நுனிவரை வார்த்தை வந்துவிட்டது. அவ்வளவு கோபம். அவ்வளவு துக்கம். ஒரு வருஷம் காத்திருக்க வேண்டுமே!

"கொஞ்சம் இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பறந்தது. மைதானத்தின் ஓரத்தில் மின்னி தனியாக உட்கார்ந்திருந்தது. கத்திரி பக்கத்தில் இறங்கியது.

"மின்னி, அந்தக் கடைசிப் பந்து என்ன ஆச்சு?"

மின்னி மூக்கை உறிஞ்சியது. "கண்ணுக்கு நேரே வெயில். ஓர் உருவம் தெரிந்தது. நம் தலைவர் என்று நினைத்துத் தட்டிவிட்டேன். வந்தது அவர்களின் ஆள்."

கத்திரி மரத்துக்குத் திரும்பியது.

"மின்னி பந்தைத் தவறாகக் கொடுத்தாள். அது தப்புத்தான். மாலை அதனால்தான் போனது" என்றது. "வெயில் கண்ணில் அடித்ததால் ஆள் மாறித் தெரிந்திருக்கிறது. கடைசி நேரத்தில் பந்தைக் குறுக்கே தட்டக்கூடாது என்று அடுத்த ஆண்டு அவளுக்குச் சொல்லித்தர வேண்டும். என் கருத்து இவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?" என்றது ஊளையன்.

"எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்."

ஊளையன் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போனது. கூட்டமும் கலைந்தது. ஐந்தாறு அணில்களும் இரண்டு கௌதாரிகளும்தான் மிச்சம். அவர்களோடு இருட்டும்வரை கத்திரி அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

கண்ணில் பட்ட குறையைச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் அதற்குக் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமே தவிர, நாமே கற்பித்துச் சொல்லக்கூடாது.