பந்தியில் ஒரு மூச்சு

மலையடிவாரத்து மடம் ஒன்றில் சீடர், குருவைவிட வயதில் மூத்தவர். பெயர் சாம்பமூர்த்தி. ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்து சேர்ந்தவர். குரு அவரை 'ஐயா' என்பார். அவர் குருவை 'சாமி' என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் இல்லை.

மதியம் மடத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பந்தி. ரசம் பரிமாறுவது சாம்பமூர்த்தி. குளித்து, ஈர வேட்டியோடு, யார் மேலும் படாமல் மடியாகப் பரிமாறுவார். இலைக்கு ஒரு முழம் மேலிருந்து ஊற்றுவார். யாருடைய விரலாவது கரண்டியில் பட்டுவிட்டால் மறுபடியும் குளியல். மடத்துக் கிணறு வற்றாமல் இருந்ததே பெரிய விஷயம்.

அந்த வருடம் ஊரில் ஒரு சளிக்காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. சுகாதார நிலையத்திலிருந்து செவிலியர் தடுப்பூசிப் பெட்டியோடு மடத்துக்கே வந்தார். எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். சாம்பமூர்த்தி மட்டும் தூணோரம் நின்றுகொண்டார்.

"ஐயா, நீங்க?" என்றார் குரு.

"எனக்கு எதுக்கு சாமி? தினம் பிராணாயாமம் பண்றேன். யாரையும் தொடறதும் இல்லை. என்னால யாருக்கு என்ன வந்துடப் போகுது?"

குரு வற்புறுத்தவில்லை.

"சரி. இலை போட்டாச்சு. இன்னிக்கு ஒண்ணு மட்டும் செய்யுங்க. மூச்சை இழுத்துக்கிட்டுப் போங்க. கடைசி இலை வரைக்கும் வெளியே விடாம பரிமாறுங்க."

சாம்பமூர்த்திக்கு உள்ளூரப் பெருமை. மூச்சை அடக்குவதில் தன்னை மிஞ்ச அந்த மடத்தில் ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும். நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு வாளியோடு புறப்பட்டார்.

முதல் சில இலைகள் சுலபமாகக் கடந்தன. ஒரு கிழவர் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார். ஒரு கைக்குழந்தை அம்மாவின் இலையைப் பிடித்து இழுத்தது. சாம்பமூர்த்தியின் முகம் சிவந்தது. பந்தி இன்னும் பாதிகூட முடியவில்லை. அடுத்த இலைக்குக் குனிந்தபோது மூச்சு பீறிட்டுக்கொண்டு வந்தது. கூடவே இருமலும்.

எதிரே பொன்னரசி. மடத்துக்குப் பூக்கட்டிக் கொடுப்பவள். அண்ணன் கொடுத்த சிறுநீரகத்தால் உயிர் பிழைத்தவள். இந்தக் காய்ச்சல் வந்தால் உன் உடம்பு தாங்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். காலையில் முதல் ஆளாக வந்து ஊசி போட்டுக்கொண்டாள். எங்கே போனாலும் முகக்கவசம் போட்டிருப்பாள். சாப்பிட உட்கார்ந்ததால் இப்போது அது தாடைக்குக் கீழே கிடந்தது.

"பாத்துங்க ஐயா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று தன் டம்ளரை நீட்டினாள்.

சாம்பமூர்த்தி வாளியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுக் குருவிடம் வந்தார்.

"எங்கே விட்டீங்க?"

"பொன்னரசி இலைகிட்ட."

"அங்கேதான் விடணும்னு நெனச்சீங்களா?"

"ஐயோ, இல்லை சாமி. அடக்க முடியலை." அவர் நிஜமாகவே பயந்து போயிருந்தார். "ஆனா எனக்குத்தான் காய்ச்சல் எதுவும் இல்லையே?"

"காய்ச்சல் தெரியறதுக்கு முன்னாடியே மூச்சுல கிளம்பிடுமாம். நர்ஸம்மா சொன்னாங்க."

சாம்பமூர்த்தி பந்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ அந்தப் பொண்ணைத் தனியா உட்கார வெச்சுடலாம்."

"வெக்கலாம். அப்புறம் அந்தக் கிழவரை. அப்புறம் கைக்குழந்தையை. எல்லாரையும் எழுப்பி விட்டுட்டா யாருக்கு ரசம் ஊத்துவீங்க?"

அவ்வளவு லேசில் விடுகிற ஆள் இல்லை சாம்பமூர்த்தி.

"ஊசி போட்டவங்களுக்கும் வருதே சாமி. போன வருஷம் உங்களுக்கே வந்துதே."

"வந்துது. ரெண்டு நாள் படுத்தேன், எழுந்துட்டேன். கரண்டியிலகூடத்தான் ரசம் சிந்துது. அதுக்காக வாளியோட கவுத்து ஊத்தறோமா?"

பந்தியில் மோர் வந்துவிட்டது. வாசலில் செவிலியர் பஞ்சையும் பாட்டிலையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். சாம்பமூர்த்தியின் கண் அந்தப் பெட்டிக்கும் பொன்னரசிக்கும் நடுவில் அலைந்தது.

"அவதான் ஊசி போட்டுக்கிட்டாளே சாமி. அது அவளைக் காப்பாத்தாதா?"

பொன்னரசி சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கும் வரை குரு பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெச்ச சிறுநீரகத்தை உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு தினம் மருந்து சாப்பிடறா. அந்த மருந்து ஊசியையும் முழுசா வேலை செய்ய விடாது. அவளுக்கு வேலை செய்யறது பாதி ஊசிதான் ஐயா. மீதிப் பாதியை அவ பக்கத்துல மூச்சு விடறவங்க கையிலதான் போடணும்."