ஏழாவது கட்டை

அன்று குழியருகே இருந்தவர்கள் ஒன்பது பேர். எம்பாய்ரே வாசிக்கிறவர்கள் ஆறு பேர். ஆட வந்த பெண்கள் இருவர். தலைநகரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கிய பாலிதாவா ஒருவர்.

ஓர் ஆடும் இருந்தது. அதைச் சேர்க்கவில்லை.

எம்பாய்ரே என்பது உகாண்டாவின் கிழக்குப் பகுதியான புசோகா நாட்டு வாத்தியம். முழங்கால் ஆழத்தில் ஒரு குழி. குழியின் இரு கரையிலும் இரண்டு வாழைத்தண்டு. தண்டுகளின் மேல் குறுக்கே மரக்கட்டைகள், சிறியதிலிருந்து பெரியது வரை இருபத்தொன்று. ஆறு பேர் எதிரெதிரே உட்கார்ந்து கோலால் அடிப்பார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் கோல் விழும்.

பாலிதாவாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு கலைக் கல்லூரியில் இசைத் துறைத் தலைவர்.

ஆறு பேருக்கும் தலைவி நைகாகா. வயது முப்பத்தாறு. கட்டைகளுக்குச் சுருதி சேர்ப்பவர் அவர்தான்.

"எங்கள் கல்லூரியிலும் ஒரு எம்பாய்ரே இருக்கிறது, நியாபோ," என்றார் பாலிதாவா. மரியாதையாக ஒரு பெண்ணை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இதே இருபத்தொரு கட்டை. ஒவ்வொன்றையும் நானே சரிபார்த்தேன். ஒன்றிலும் பிழை இல்லை. ஆனால் யாரும் எழுந்து ஆடுவதில்லை."

நைகாகா கேட்டுக்கொண்டிருந்தார்.

மிச்சத்தையும் பாலிதாவா சொன்னார். போன தவணையில் கலை மன்றத்தார் ஏழு பேர் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டுவிட்டு, இது வாத்தியம் இல்லை, மேஜை நாற்காலியோடு சேர்த்தி என்று எழுதிவிட்டுப் போனார்கள். இன்றிலிருந்து பதின்மூன்றாம் நாள் மறுபடி வருகிறார்கள். அன்றும் இப்படியே இருந்தால் அந்த அறை பியானோக்களுக்குப் போய்விடும். எம்பாய்ரே கற்கும் பதினோரு மாணவர்களை வேறு வகுப்புகளில் பிரித்துப் போட்டுவிடுவார்கள். தமக்கு ஒன்பது நாள் லீவு கிடைத்திருக்கிறது.

நைகாகா கோலை எடுத்தார். ஆறு பேரும் வாசித்தார்கள். மூன்றாவது சுற்றில் பெண்கள் இருவரும் எழுந்துவிட்டார்கள்.

வாசிப்பு முடிந்ததும் பாலிதாவா பையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்தார். சுருதி கூடுகிறதா குறைகிறதா என்று முள் காட்டும் பெட்டி. ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தார். முள் எதிலும் நடுவில் நிற்கவில்லை. சிறிய கட்டையிலிருந்து எண்ணி ஏழாவதில் மிகவும் விலகி நின்றது.

"ஏழாவது சரியில்லை, நியாபோ."

"அப்படியா, செபோ?" என்றார் நைகாகா. ஆணுக்கு உரிய மரியாதைச் சொல் அது. சொல்லிவிட்டு நிலக்கடலை பிடுங்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை எல்லாரும் கொல்லையில் இருந்தார்கள். பாலிதாவா குழியருகே தனியாக இருந்தார். படுக்க இடம் கொடுத்தார்கள், சோறு போட்டார்கள், பதிலுக்கு ஏதாவது செய்யலாமே என்று நினைத்தார். மரம் சீவும் வாய்ச்சி சுவரில் சாய்ந்திருந்தது. ஏழாவது கட்டையைக் கழற்றிக் கவிழ்த்து, அடிப்பக்கம் நடுவில் சீவினார். கொஞ்சம் சீவி, தட்டி, பெட்டியைப் பார்த்து, மறுபடி சீவினார்.

முள் நடுவில் நின்றது.

மதியம் கிருண்டா வந்து உட்கார்ந்தார். ஆறு பேரில் பெரிய கட்டைகளை அடிப்பவர் அவர். அறுபத்துமூன்று வயது, வாய் சும்மா இருக்காது. விளையாட்டாக மேலிருந்து கீழே கோலை ஓட்டினார். ஏழில் நின்றார். மறுபடி தட்டினார்.

"வாத்தியாரே, இதற்கு என்ன ஊட்டினீர்கள்? குரல் உடைந்திருக்கிறதே."

ஆறு பேரும் வாசித்துப் பார்த்தார்கள். ஏழாவது வரும் இடத்திலெல்லாம் பாட்டு தடுக்கி விழுந்தது. இரண்டு சுற்றுக்குப் பிறகு கோல்களைக் கீழே வைத்தார்கள். ஆட வந்த பெண்கள் சற்று நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

பாலிதாவா தாம் செய்ததைச் சொன்னார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பரவாயில்லை, இரு முனையிலும் சீவினால் சுருதி பழையபடி ஏறிவிடும் என்றார் கிருண்டா.

"ஏறும்," என்றார் நைகாகா. "அவர் வந்தது அதற்கா?"

நைகாகா ஏழாவதை மூன்று முறை தட்டினார். அந்தச் சுருதியை வாய்க்குள் முனகினார். பிறகு மற்ற இருபதையும் கழற்றச் சொன்னார்.

ஒருவரும் அசையவில்லை.

"மழைக்கு முன் எப்படியும் சீவ வேண்டியவைதானே," என்றார். "இந்த முறை இதிலிருந்து தொடங்குவோம்."

வாய்ச்சியைப் பாலிதாவாவிடம் நீட்டினார்.

"நானா?"

"காலையில் யாரும் கேட்காமலே எடுத்தீர்களே, செபோ."

கிருண்டா சிரித்தார். பாலிதாவா வாங்கிக்கொண்டார்.

நைகாகா ஏழாவதைப் பாடுவார். அதற்கு ஒரு படி கீழே இறங்கிப் பாடுவார். அவ்வளவுதான். எட்டாவதை அந்தப் படியில் கொண்டுவந்து நிறுத்துவது பாலிதாவாவின் வேலை.

அவர் சீவினார், தட்டினார், நைகாகாவின் முகத்தைப் பார்த்தார். நைகாகா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் சீவினார். எட்டாவது படியைத் தாண்டி இறங்கிப் போய்விட்டது. முனைகளைச் சீவி ஏற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அதை எடுத்து ஓரமாக வைத்தார் நைகாகா.

ஒன்பதாவதும் ஓரத்துக்குப் போனது.

மூன்றாம் நாள் பத்தும் பதினொன்றும் போயின. நான்குக்குப் பதிலாக, அடுப்புப் புகையில் காயட்டும் என்று பரணில் போட்டிருந்த புதுக் கட்டைகளைக் கிருண்டா கொண்டுவந்தார். கொடுக்கும்போது, வாத்தியாரே, இதற்கு மேல் வேண்டுமானால் என் வீட்டுக் கூரையைத்தான் பிரிக்க வேண்டும் என்றார்.

பாலிதாவா பெட்டியை எடுத்து மடியில் வைத்தார்.

"எட்டாவது எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள், நியாபோ. ஒரே நாளில் முடித்துவிடுகிறேன்."

"அதனிடமே கேளுங்கள்."

"என்ன கேட்பது?"

"பக்கத்துக் கட்டை எங்கே நிற்கிறது என்று."

பாலிதாவா ஏழாவதைத் தட்டினார். பெட்டி ஒரு எண்ணைக் காட்டியது. புதிய எட்டாவதைத் தட்டினார். பெட்டி வேறு ஒரு எண்ணைக் காட்டியது. முதல் எண் அதில் இல்லை.

இப்படி வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியைப் பைக்குள் போட்டு, பையைக் கொண்டுபோய் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தார்.

நான்காம் நாள் மூன்று கட்டைகள் முடிந்தன. ஐந்தாம் நாள் நான்கு. ஆறாம் நாள் ஆறு. அன்று மாலை அவர் நைகாகாவின் முகத்தைப் பார்ப்பதை விட்டிருந்தார். நைகாகாவும் பாடுவதை விட்டிருந்தார். எப்போது விட்டார்கள் என்று இருவருக்கும் தெரியாது. ஏழாம் நாள் ஏழு. ஆக இருபது. ஏழாவதோடு இருபத்தொன்று.

எட்டாம் நாள் கட்டைகளை வாழைத்தண்டின் மேல் அடுக்கி, நடுவில் குச்சிகள் செருகி, ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். பெண்கள் இருவரும் கையில் மண்வெட்டியோடு வந்தார்கள். நம்பிக்கை இல்லை போலிருக்கிறது, அதைக் கீழே வைக்கவில்லை.

இரண்டாவது சுற்றில் வைத்தார்கள்.

ஆடுகிறவர்கள் எத்தனை என்று பாலிதாவா எண்ணினார். மூன்று வந்தது. மூன்றாவது ஆள் யார் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஒன்பதாம் நாள் காலை அவர் பையைக் கட்டினார். முகம் இருண்டிருந்தது.

"உங்கள் கட்டைகளை உங்களுக்கே சரிசெய்து கொடுத்தேன், நியாபோ. அது நான் பட்ட கடன். ஆனால் மன்றத்தார் வருவது எங்கள் அறைக்கு. நீங்களும் அங்கே இருக்க மாட்டீர்கள். உங்கள் குரலும் இருக்காது. நான் எதைக் கொண்டுபோகிறேன்?"

நைகாகா எழுந்து போய், ஓரத்தில் கிடந்த நான்கு கட்டைகளையும் ஒரு சாக்கில் போட்டுக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார்.

"இவை நான் கெடுத்தவை."

"எதற்குக் கெட்டவை?"

பாலிதாவா சாக்கைப் பிரித்தார்.

தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டினார். கட்டைகளில் இரண்டைத் தொடைகளின் மேல் குறுக்கே வைத்தார். ஒன்றைத் தட்டினார். மற்றதைத் தட்டினார். இன்னொரு முறை தட்டினார். கையை நீட்டி வாய்ச்சியைக் கேட்டார்.

ஒன்பது மணி பஸ் சாலையில் நின்று ஹாரன் அடித்தது. அவர் தலை நிமிரவில்லை. பஸ் போய்விட்டது.

நைகாகா பாடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கட்டை சுருதியில் நின்றபோதும் உரித்தார். மூன்றாவது நின்றபோதும் உரித்தார்.

நான்காவதைப் பாலிதாவா தட்டியபோது உரிப்பது நின்றது.

கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்த கிருண்டா திரும்பி வந்தார். ஒன்றும் பேசாமல் குந்தி, பாலிதாவாவின் தொடைமேல் இருந்த நான்கு கட்டைகளிலும் இரண்டு கோலால் ஒரு சுற்று வாசித்தார். பிறகு, வாத்தியாரே, இது எங்களுடையது மாதிரி இல்லை என்றார். சற்றுக் கழித்து, இருந்தாலும் இன்னொரு சுற்று வாசிக்கிறேன் என்றார்.

மதிய பஸ் வரும் சத்தம் கேட்டது. பாலிதாவா நான்கையும் சாக்கில் போட்டுக் கட்டினார்.

"உங்கள் மன்றத்தாரும் பெட்டி கொண்டுவந்து பார்த்தால், செபோ?"

"முதலில் ஆடட்டும், நியாபோ. அப்புறம் பார்க்கட்டும்."

"நாள் எத்தனை இருக்கிறது?"

"நான்கு."

"அங்கே சீவ வேண்டிய கட்டை?"

அவர் சாக்கைத் தோளில் ஏற்றினார்.

"பதினேழு."