யாராவது ஒருத்தர் அதட்டுங்க

"ஒரே ஒரு தடவை என்னை அதட்டுங்க ஆன்ட்டி. அது போதும்."

வெரோனிகா ஆன்ட்டி கலர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். சின்னப் பிள்ளைகளின் அறைக்கு ஒரு நாளைக்கு அறுபது பென்சில் வேண்டும். அவர் நிமிரவில்லை.

நான் கேட்டது இங்கிலீஷில். எங்கள் மாண்டிசோரிப் பள்ளியில் பெரியவர்கள் ரெண்டு வகை. தமிழ் மட்டும் பேசினால் அக்கா. இங்கிலீஷ் மட்டும் பேசினால் ஆன்ட்டி. எனக்கு மூன்று வயசிலிருந்து இப்படித்தான். அக்கா இங்கிலீஷில் வாய் திறக்க மாட்டார். ஆன்ட்டி தமிழில் தும்மக்கூட மாட்டார்.

படிவத்தை மேசைமேல் வைத்தேன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதுவதற்கான விண்ணப்பம். அப்பா கையெழுத்துப் போட்டாச்சு. என் இடம் மட்டும் காலி. பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ் அண்ணன் எல்லாப் படிவங்களையும் எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பிவிடுவார். விட்டால் இந்த வருஷம் போச்சு.

போடாவிட்டால் ஓசூர். சித்தியின் ரோஜா நர்சரி. ஒட்டுக் கட்டுகிற வேலை. திங்கட்கிழமையே வா என்கிறாள் சித்தி.

"போடவா, வேண்டாமா?"

"வாட் டூ யூ திங்க்?" என்றார் ஆன்ட்டி.

நீ என்ன நினைக்கிறாய். எங்கள் பள்ளியில் எந்த ஆன்ட்டியிடமும் வேறு பதில் கிடையாது. மூன்று வயசில், எந்தப் பாயை விரிக்கட்டும்? நீ என்ன நினைக்கிறாய். ஆறு வயசில், கட்டின கோபுரம் ஏன் விழுந்தது? நீ என்ன நினைக்கிறாய். போன வருஷம் பள்ளித் தோட்டத்தில் தக்காளி மொத்தமும் சுருண்டு போனபோதும் இதேதான். செடி செத்துக்கொண்டிருக்கிறது, இவர் என்னைக் கேட்கிறார்.

காலையில் தமிழ்ப் பக்கமும் போய்ப் பார்த்தேன். குமுதவல்லி அக்கா தலையைச் சாய்த்துச் சிரித்தார்.

"நீயே யோசிச்சுச் சொல்லு கண்ணு."

அதே பல்லவி. மொழிதான் வேறு.

பக்கத்து வீட்டு ஹரிணி வேறு பள்ளிக்கூடம். எதைப் படிக்கணும், எப்போது தூங்கணும், எந்த குரூப் எடுக்கணும் எல்லாம் அவளுக்குச் சொல்லிவிடுகிறார்கள். அவள் உட்கார்ந்து அழுவாள். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

மணி பதினொன்றே முக்கால்.

எனக்கு இங்கிலீஷில் கோபப்பட வராது. தமிழுக்கு மாறினேன். ஆன்ட்டி எங்களோடு நாலு வருஷமாக இருக்கிறார், தமிழ் தெரியாது. அதனால் அவர் எதிரிலேயே இஷ்டத்துக்குப் பேசுவோம்.

"கிளிப்பிள்ளை. ஒரே வாக்கியம். இதுக்கு உன்னை வேற உட்கார வெச்சிருக்காங்க. போன்ல பதிவு பண்ணி வெச்சிட்டுப் போயிடலாம்."

பென்சில் சுற்றியது. சுருள் விழுந்தது.

"பரீட்சை எழுதி ஃபெயிலாயிட்டா? சரி, ஒட்டுக் கட்டப் போறேன், அதுவும் எனக்கு வரலைன்னா? நீதானே முடிவு பண்ணேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. வேற யாராவது சொல்லி நான் செஞ்சிருந்தா அவங்களைத் திட்டலாம். இப்போ யாரைத் திட்டுவேன்? எனக்குப் பயமா இருக்கு கிளி. உனக்கு எங்க புரியப்போவுது."

"ஏட்டி, மெதுவாப் பேசு. காது நல்லாத்தான் கேக்கு."

திரும்பிப் பார்த்தேன். அறையில் வேறு யாரும் இல்லை.

"ஆன்ட்டி... உங்களுக்குத் தமிழ்..."

"தூத்துக்குடிக்காரிக்குத் தமிழ் தெரியாமப் பின்ன?"

"தெரியாதுன்னு சொன்னீங்களே!"

"நான் எப்பம் சொன்னேன்?"

யோசித்தேன். சொன்னதே இல்லை. நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

"ஒரு வார்த்தைகூடப் பேசலையே. நாலு வருஷமா!"

"பேசிருந்தா நீங்கல்லாம் என்கிட்ட இங்கிலீஷ்ல வாயத் தொறந்திருப்பியளா?"

"அப்போ நாங்க பேசினது எல்லாம்..."

"இன்னைக்குக் கிளிப்பிள்ளை. முடி வெட்டிட்டு வந்த அன்னைக்குத் தேங்கா மூடி."

தேங்காய் மூடி நான் வைத்த பெயர்தான். காது ரெண்டும் சுட்டது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மணி பதினொன்று ஐம்பது.

வெளியே ஆபீஸ் அண்ணன் பைக்கை உதைக்கிற சத்தம். ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி உதைத்தார்.

"தமிழ் தெரியுமில்ல? அப்போ தமிழ்லயே சொல்லுங்க. கேள்வி கேக்காதீங்க. நீங்க என்ன சொன்னாலும் அதைச் செய்யறேன். சத்தியமா."

"என்ன சொன்னாலுமா?"

"என்ன சொன்னாலும்."

ஆன்ட்டி கையிலிருந்த பென்சிலை வைத்தார். மடியில் கிடந்த சுருளைத் தட்டிவிட்டு எழுந்தார். என்னைவிட ஒரு சாண் உயரம் என்பது அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் எங்களோடு பேசும்போது உட்கார்ந்தேதான் பேசியிருக்கிறார்.

பேனாவை எடுத்துப் படிவத்தின்மேல் டொக்கென்று வைத்தார்.

"கையெழுத்தப் போடுட்டி. ஒரு பேச்சுப் பேசப்படாது. போடு!"

"மாட்டேன்."

சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது.