புஷ்பத்தின் உள்ளங்கை

சங்குமுனையில் ஐஸ் கம்பெனிக்கு மேலே ஒரு மாடி அறை உண்டு. விசைப்படகுச் சங்கத்தின் கம்ப்யூட்டர் அங்கேதான் இருக்கிறது. கீழேயிருந்து குளிர் ஏறி வருவதால் சித்திரை வெயிலிலும் அங்கே போர்வை வேண்டும்.

அந்த அறையில் குரு பிரிசில்லா. வயது இருபத்தொன்பது. சீடர் கஸ்பார். வயது நாற்பத்தேழு.

கஸ்பார் இருபது வருடம் கடலில் கிடந்தவர். வலை இழுக்கும் வின்ச்சுக்கு இரண்டு விரல்களைக் கொடுத்துவிட்டுக் கரையேறினார். மிச்சமிருந்த எட்டு விரல்களால் கீபோர்டு பழகினார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று ஊர் சிரித்தது. வளைந்தது. கொஞ்சம் சத்தம் போட்டுக்கொண்டுதான் வளைந்தது.

ஒருநாள் அவர் கேட்டார்.

"டீச்சர், ஒர்க்கர் ஒர்க்கர்னு சொல்றீங்களே. அது மெஷினா?"

"மெஷின் இல்லண்ணே. மெஷினுக்குள்ள கொஞ்ச நேரம் உசிரோட இருக்கிற புரோகிராம். நாம எழுதி அனுப்புற ஃபங்ஷனை ஓட்டும். முடிஞ்சதும் போயிரும்."

"அதுக்கு என்ன தெரியும்?"

"நாம குடுத்து அனுப்பினது தெரியும்."

கஸ்பார் தலையாட்டினார். புரிந்த மாதிரி இருந்தது. கொஞ்சமும் புரியாதவன் மறுபடி கேட்பான். புரிந்த மாதிரி இருப்பவன் கேட்கமாட்டான்.

ஐப்பசியில் புயல் வந்தது. மூன்று படகுகள் திரும்பவில்லை. அதில் ஒன்று விடிவெள்ளி. அதை ஓட்டிப்போனவன் ரெமி, கஸ்பாரின் கூடப்பிறந்த தம்பி.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, "ரெண்டு விரலுக்குப் பயந்து கடலை விட்டவன்" என்று ரெமி நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். கஸ்பார் இலையை மூடிவிட்டு எழுந்தவர்தான்.

ஒவ்வொரு படகின் உச்சியிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். நான் இன்னார், இங்கே இருக்கிறேன் என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருக்கும். புயலில் பெட்டிகள் அடிபட்டு, பெயர் போய், வெறும் துணுக்குத் துணுக்காக முனகின. கரையிலும் தீவுகளிலும் இருந்த ரேடியோ கோபுரங்கள், தூரத்தில் போன கப்பல்கள் எல்லாம் அந்த முனகலைப் பிடித்து வைத்திருந்தன. எல்லாப் படகும், எல்லாக் கப்பலும், இடியும் மின்னலும் கலந்து தொண்ணூறு கோடித் துணுக்குகள்.

எந்தப் பெட்டியின் குரலும் இன்னொன்றைப் போல இருக்காது. இம்மியளவு பிசகும். அந்தப் பிசகை வைத்தே இது எந்தப் படகு என்று சொல்ல, கஸ்பார் ஆறு மாதமாக ஒரு ஃபங்ஷன் எழுதிவந்தார். அவரைப் போலக் கடலும் தெரிந்து கணக்கும் தெரிந்தவர்கள் அந்தக் கரையில் வேறு யாரும் இல்லை.

எங்கெங்கோ ஊர்களில் இருந்த மெஷின்களில் நானூறு ஒர்க்கர்களைப் பிரிசில்லா ஏற்பாடு செய்தாள். ஒவ்வொருவருக்கும் எத்தனை துணுக்கு, கையில் எதெது என்று வகுத்துக் கொடுத்தாள். எல்லோரிடமும் கஸ்பாரின் ஃபங்ஷன் போனது. அப்போது, புயல் ஓய்ந்த மறுநாள், காலை பத்து மணி.

அந்த மூன்று படகுகளின் துணுக்குகள் எத்தனை என்ற விடை பத்தே முக்காலுக்குத் திரையில் வந்தது.

பூஜ்யம்.

கஸ்பார் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்தார்.

"முழுகிட்டானுவ டீச்சர்."

பிரிசில்லா திரையை இன்னொரு முறை பார்த்தாள்.

"ரெமி கிளம்புற அன்னைக்கு நான் பாத்தேன். இந்த ஜன்னல் வழியாத்தான். கீழ ஐஸ் ஏத்திக்கிட்டு இருந்தான். காத்தழுத்தம் இறங்குறது இதே ஸ்கிரீன்ல எனக்குத் தெரிஞ்சுது. ஒரு வார்த்தை சொல்லல."

"ஏன்?"

"பதினஞ்சு வருஷம் என்கூடக் கடல்ல கிடந்தவன். வானத்தப் பார்த்தாலே அவனுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அவர் அழுதார். ஐஸ் அரைக்கும் மெஷினின் சத்தம் கீழே நின்றுபோயிருந்ததால் அது நன்றாகக் கேட்டது.

பிரிசில்லா ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க ஃபங்ஷனைத் தமிழ்ல எழுதுங்கண்ணே. ஒரு ஆளுக்கு வேலை சொல்ற மாதிரி."

"இப்பவா டீச்சர்?"

"இப்பத்தான்."

அவர் எழுதினார்.

'கையில் உள்ள துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பார். அதன் பிசகு, பட்டியலில் உள்ள படகின் எண்ணோடு ஒத்துப்போனால், பலகையில் ஒரு கோடு போடு.'

பிரிசில்லா மாடிப்படியில் நின்று கூப்பிட்டாள். ஐஸ் கம்பெனியில் டீ போடும் புஷ்பம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்தாள். பட்டியல், போன மாதம் பழகிப் பார்த்த அறுபது துணுக்குகள் அச்சடித்த தாள்கள், கஸ்பார் எழுதியது, ஒரு பேனா, எல்லாவற்றையும் பிரிசில்லா அவளிடம் கொடுத்தாள்.

"இதுல சொன்னபடி செய்யுங்கக்கா. கீழ ஐஸ் ரூம்ல போய் உட்கார்ந்து செய்யணும். யாரையும் கேக்கக் கூடாது. மேல வந்து பாக்கவும் கூடாது, முடியிற வரைக்கும்."

"குளிருமே."

"சீக்கிரம் முடிங்க."

கஸ்பார் சுவரிலிருந்த வெள்ளைப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பலகை சும்மா இருந்தது. பன்னிரண்டு நிமிடம் கழித்துப் புஷ்பம் நடுங்கிக்கொண்டு மேலே வந்தாள்.

"முடிச்சாச்சு."

பிரிசில்லா கஸ்பாரிடம் திரும்பினாள்.

"எத்தனைண்ணே?"

அவர் பலகையைப் பார்த்தார்.

"பூஜ்யம்."

"புஷ்பக்கா, கையை விரிங்க."

புஷ்பம் விரித்தாள். இடது உள்ளங்கையில் நீல மையில் நாலு கோடுகள்.

"கோடு போடச் சொன்னிய. பலகை மேல கிடக்கு, நா கீழ கிடக்கேன். வரவும் கூடாதுன்னுட்டிய. கையில போடாம வேற எங்க போட?" என்றாள் புஷ்பம். பிறகு கொஞ்சம் பயந்து, "தப்பா செஞ்சிட்டனா?" என்றாள்.

"இல்லக்கா. சொன்னபடியே செஞ்சிங்க. போய் டீ போடுங்க."

புஷ்பம் மூலையிலிருந்த குழாயில் காலி கிளாஸ்களைக் கழுவினாள். தேய்க்கத் தேய்க்க மை கரைந்து தண்ணீரோடு போனது. அவள் டிரேயை எடுத்துக்கொண்டு இறங்கும்போது உள்ளங்கை சுத்தமாக இருந்தது.

கஸ்பார் மெல்ல எழுந்தார்.

"அப்ப அந்த நானூறு பேரும்…"

"அவங்கவங்க கையில போட்டாங்க. வேலை முடிஞ்சதும் கழுவிட்டுப் போயிட்டாங்க."

"என் மெஷின்ல மட்டும் ஓட்டினப்ப சரியா எண்ணிச்சே டீச்சர்."

"அப்ப ஆளும் பலகையும் ஒரே ரூம்ல இருந்துச்சு."

கஸ்பார் பலகையையும் மாடிப்படியையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிரிசில்லா சொன்னாள்: "உங்ககிட்ட இருக்கிறது அங்க இல்லண்ணே. அனுப்பினாத்தான் போகும். அங்க இருக்கிறது உங்ககிட்ட இல்ல. கொண்டாரச் சொன்னாத்தான் வரும்."

அவர் தாளில் கடைசி வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். 'ஒத்துப்போனால், எந்தப் படகு, எந்த இடம், எந்த நேரம் என்று எழுதிக் கையோடு கொண்டுவந்து கொடு.' அதையே கம்ப்யூட்டர் பாஷையில் மாற்றி அனுப்பினார்.

திரையில் நானூறு சின்னக் கட்டங்கள் பச்சையாக எழும்பின. ஒவ்வொரு கட்டமும் ஒரு ஒர்க்கர். காலையில் அவர் அதைப் பார்த்திருந்தார். ஆனால் இப்போதுதான் பார்த்தார். நானூறு பேர், நானூறு பூட்டிய அறைகள். ஒருவரை ஒருவர் கண்டதில்லை. எதற்குத் தேடுகிறோம் என்று தெரியாது. புயல் என்றால் என்னவென்றே தெரியாது. அவர் எழுதிய நாலு வரியைக் கையில் வைத்துக்கொண்டு தொண்ணூறு கோடியையும் ஒன்று விடாமல் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

இருநூற்று முப்பத்தொன்றாம் கட்டம் சிவந்து அணைந்தது.

"டீச்சர்!"

"செத்துருச்சு. அந்த மெஷின்ல ஏதோ கோளாறு."

"அதோட பங்கு?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் வேறொரு மூலையில் புதிதாக ஒரு பச்சை எழும்பியது.

"அந்தப் பங்கை இது வாங்கிக்கிச்சு. மொத துணுக்குலேர்ந்து பாக்கும்."

"முன்னால ஒருத்தன் இருந்தான்னு இதுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கடல்ல ஒருத்தன் தவறி விழுந்தா படகையே திருப்புவோம் டீச்சர். வலையை அறுத்துட்டுத் திருப்புவோம். இங்க ஒரு சத்தம்கூட இல்ல. ஆனா ஒரு துணுக்கும் விட்டுப் போகல."

அவரை அறியாமல் கை நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. நடுக்கடலில் நட்சத்திரங்களைப் பார்த்துக் கிடந்த இரவுகளுக்குப் பிறகு அவருக்கு அப்படி உடம்பு சிலிர்த்தது அன்றுதான்.

விடைகள் வரத் தொடங்கின. வரிசையாக வரவில்லை. கடைசியில் நடந்தது முதலில் வந்தது. கஸ்பார் நேரப்படி அடுக்கி வரைபடத்தில் புள்ளி வைத்தார். இரண்டு படகுகளின் புள்ளிகள் ஒரு தீவின் மறைவில் போய்க் குவிந்து நின்றன. நங்கூரம் போட்டிருக்கிறார்கள்.

விடிவெள்ளியின் புள்ளிகள் நிற்கவில்லை. தெற்கே, இன்னும் தெற்கே என்று போயின. இன்ஜின் போன படகு அப்படித்தான் போகும். கடைசிப் புள்ளியின் நேரத்தை அவர் மூன்று தடவை படித்தார்.

இன்று காலை ஒன்பது பத்து.

பிரிசில்லா ரோந்துக் கப்பலுக்குப் போன் போட்டு இடத்தைச் சொன்னாள். படகு எந்தப் பக்கம் எவ்வளவு மிதந்து போயிருக்கும் என்று கஸ்பார் நீரோட்டத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னார். அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. புஷ்பம் கொண்டுவந்த டீ ஆறிக் கிடந்தது.

"எந்த ஆள் டீச்சர் அந்த ஒன்பது பத்தைக் கண்டுபிடிச்சது?"

பிரிசில்லா பார்த்துச் சொன்னாள்.

"எண்பத்தெட்டு. நாப்பது நிமிஷம் இருந்துச்சு."

"இப்ப எங்க?"

"இல்ல."

"யாரைக் கண்டுபிடிச்சோம்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"நாம அதைச் சொல்லி அனுப்பலையேண்ணே."

கஸ்பார் திரையில் அணைந்திருந்த எண்பத்தெட்டாம் கட்டத்தை விரலால் தொட்டார்.

மூன்றரை மணிக்கு வயர்லெஸ் கரகரத்தது. ரோந்துக் கப்பல்காரர்.

"விடிவெள்ளி கிடைச்சிருச்சு. ஆறு பேரும் இருக்காங்க. தண்ணி குடுத்திருக்கோம். டிரைவர் பக்கத்துலதான் நிக்கிறார். உங்க அண்ணன்தான் இடத்தைக் கண்டுபிடிச்சார்னு அவர்கிட்ட சொன்னேன். லைன்ல விடறேன்."

கரகரப்பு ஒருமுறை ஓங்கி அடங்கியது. மறுமுனையில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. அந்த மூச்சைக் கஸ்பாருக்குத் தெரியும். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். மூச்சு ஒன்றும் பேசவில்லை. பொத்தானை விட்டுவிட்டது போல, அதுவும் நின்றது.

கஸ்பார் மைக்கைக் கையில் எடுத்தார். அதன் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால்தான் அங்கே கேட்கும். கட்டைவிரல் அதன் மேல் இருந்தது, அமுக்கவில்லை. அந்த ஜன்னலையும், கீழே ஐஸ் ஏற்றும் மேடையையும் பார்த்தார். கண்ணீர் வழிந்து தாடையில் நின்றது.

"என்னத்தச் சொல்ல டீச்சர்? என் மனசு அவனுக்குத் தெரியாதா?"

பிரிசில்லா சுவரிலிருந்த வெற்றுப் பலகையைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட இருக்கிறது அங்க இல்லண்ணே."